நாக்குப்பூச்சியும் தீட்டும்

(கிராமப் பிரச்சாரக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் விரிவாய்ப் பேசிவிட்டார்கள். ஆகையால் நான் அவ்விரண்டையும் விட்டுவிட்டு, நம் வயிற்றிலிருக்கும் நாக்குப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமென்று நினைக்கிறேன். இதைச் சொன்னவுடன் முன்னே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பின்னேயிருக்கும் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சிரிக்கிறவர் வயிற்றிலும் இருக்கும், சுளிக்கிறவர் வயிற்றிலும் இருக்கும். அதைப் பற்றிப் பேசுவதற்கு மாத்திரம் வெட்கப்படுவதா? பூச்சியைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள், நான் விட்டுவிட்டதாகச் சொன்ன கடவுளும் ஜாதியும் தாமாகவே உள்ளே வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் நான் இருந்ததே சொற்ப காலம். புத்தகங்களைப் புரட்டியும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைத்தான் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சந்தேகமிருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நஷ்டமில்லாத வியாபாரம்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் கடுஞ்சுரத்தில் என் மூக்கின் வழியாய் ஒரு நாக்குப்பூச்சி வெளியே வந்தது. வீட்டில் ஒரே கூக்குரல். "குலசாமி குற்றம்" என்றாள் என் பாட்டி. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், விபூதி போட்டார்கள், ஒரு சேவலையும் அறுத்தார்கள். சுரம் நின்றது. சாமியின் கருணை என்றார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடியும் வயிற்றுவலி வந்து, மலத்தில் பூச்சி விழுந்தது. "நேர்த்திக்கடனில் ஏதோ குறை வைத்துவிட்டோம்" என்றார்கள். பாருங்கள் தோழர்களே! பூச்சி போனால் சாமியின் கருணை. பூச்சி வந்தால் நம்முடைய குற்றம். இப்படி ஒரு காலத்திலும் நஷ்டமே வராத வியாபாரம் இந்த உலகத்தில் வேறு ஏதாவது உண்டா? இதில் நஷ்டப்பட்டது சேவல் ஒன்றுதான்.

என் பாட்டியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்கும் கண்ணேறு என்கிறவர்கள் இருக்கிறார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள்கூட, "வெல்லம் தின்றான், பூச்சி பிடித்தது" என்கிறார்கள். வெல்லத்தில் பூச்சி உண்டாவதாயிருந்தால் வெல்லக் கடைக்காரன் வீட்டில் ஒருவரும் பிழைத்திருக்க முடியாது.

மேல்நாட்டாரும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தார்கள். குடலிலே சேர்ந்த அழுக்கு அழுகிப் புழு தானாக உண்டாகிறது என்று அங்கே பெரிய பெரிய வைத்தியர்களே நம்பினார்கள். 1683-ல் எட்வர்டு டைசன் என்ற ஆங்கில வைத்தியர் இந்தப் புழுவை அறுத்துப் பார்த்து, இதில் ஆண் வேறு பெண் வேறு என்று எழுதினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையிடுகிற ஜந்து, அழுக்கிலிருந்து தானாக எப்படி முளைக்கும்? ஆயினும் பைபிளை விட மனம் வரவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வல்லிஸ்நேரி என்ற இத்தாலி தேசத்துப் பண்டிதர், ஆதி மனிதன் ஆதாமின் வயிற்றிலேயே இந்தப் பூச்சிகள் இருந்தன, அவனிடமிருந்தே நம் எல்லோருக்கும் வந்தன என்று வாதாடினார். கடவுள் தம் கையாலே செய்த முதல் மனிதனை வயிற்றுப்பூச்சியோடு செய்து அனுப்பினார் என்றால், அந்தக் கடவுளின் வேலைத்திறமையை என்னவென்று சொல்வது?

பூச்சியின் பிரயாணம்

இனி உண்மையைப் பார்ப்போம். நம் ஜனங்கள் மண்புழுவையும் நாக்குப்பூச்சி என்கிறார்கள். வயிற்றுப் புழுவையும் நாக்குப்பூச்சி என்கிறார்கள். 1758-ல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து அறிஞர் வயிற்றுப் புழுவுக்கு வைத்த 'அஸ்காரிஸ் லும்பிரிகாய்டிஸ்' என்ற பெயரிலும் 'மண்புழு போன்றது' என்ற அர்த்தமே இருக்கிறது. ஆனால் அது வேறு, இது வேறு. மண்புழு குடியானவனுக்காக உழைக்கிறது. இது குடியானவனின் உழைப்பைத் தின்கிறது.

பெண் புழு 20 முதல் 35 செண்டிமீட்டர் நீளமிருக்கும். ஆண் புழு அதைவிடச் சிறியது, வால் வளைந்திருக்கும். நமது சிறுகுடலில் இவைகள் வாசம் செய்கின்றன. அட்டையைப் போல் ஒட்டிக்கொள்வதில்லை. குடல் கீழே தள்ளத் தள்ள எதிர்த்து நீந்திக்கொண்டு, நாம் தின்று பாதி செரித்த ஆகாரத்தைத் தின்றுகொண்டு, ஒன்றிரண்டு வருஷம் சுகமாய் வாழ்கின்றன. பெண் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டையிடும். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 7 கோடிக்கு மேல் ஆகிறது.

இங்கேதான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். இந்த 2 லட்சம் முட்டையில் ஒன்றுகூட அந்த வயிற்றிலேயே பொரிப்பதில்லை. எல்லாம் மலத்தோடு வெளியே வந்துவிடும். வந்தவுடனேயும் பொரிப்பதில்லை. ஈரமும் நிழலும் வெதுவெதுப்புமுள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்தால்தான் முட்டைக்குள் குஞ்சுப்புழு வளர்ந்து, நோய் உண்டாக்கும் பக்குவத்தை அடையும். அந்த முட்டை ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். அதன் ஓடு மகா கெட்டியானது. வசதியான மண் கிடைத்தால் வருஷக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

அந்த மண்ணில் குழந்தை விளையாடுகிறது. நகத்திடுக்கில் மண் ஏறுகிறது. கை கழுவாமல் சோற்றைப் பிசைந்து தின்கிறது. அல்லது அந்த மண்ணில் விளைந்த கீரையையும் வெள்ளரிக்காயையும் கழுவாமல் தின்கிறோம். முட்டை வயிற்றுக்குள் போகிறது. சிறுகுடலில் ஓடு திறந்து குஞ்சுப்புழு வெளியே வருகிறது. வந்த இடத்திலேயே தங்கி வளர்ந்தால் என்ன? இல்லை. குடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு இரத்தத்தில் இறங்குகிறது. இரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது; ஈரலிலிருந்து இருதயத்துக்கு; இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு. அங்கே 10 முதல் 14 நாள் வரையில் வளர்கிறது. பிறகு காற்றுப் பைகளைத் துளைத்து மூச்சுக்குழல் வழியாய் மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறது. நாம் எச்சிலோடு விழுங்கிவிடுகிறோம். மறுபடியும் புறப்பட்ட இடமாகிய சிறுகுடலுக்கே வந்து சேர்ந்து, பெரிய புழுவாகிறது. முட்டையை விழுங்கிய நாளிலிருந்து, அது வளர்ந்து தானே முட்டையிடுவதற்கு இரண்டு மூன்று மாதமாகும். சேவலறுத்துச் சில மாதம் கழித்து எனக்குப் பூச்சி திரும்பி வந்ததற்குக் காரணம் நேர்த்திக்கடன் குறையல்ல. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து மண்ணேயாகும்.

தவம் செய்தவர் யார்?

இந்தப் பிரயாணத்தை எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. தேவலோகத்துக்கும் பாதாளத்துக்கும் வழி சொன்னவர்களுக்கு, தங்கள் தொண்டைக்கும் குடலுக்கும் நடுவே நடந்த போக்குவரத்துத் தெரியவில்லை. 1916-ல் ஸ்டூவர்ட் என்பவர் எலிகளுக்கு இந்த முட்டைகளைக் கொடுத்து, குஞ்சுப்புழுக்கள் நுரையீரலுக்குப் போவதைக் கண்டார். மனிதன் உடம்பிலும் அப்படித்தானா? ஜப்பான் தேசத்துக் குழந்தை வைத்தியர் கோயினோ என்பவர் 1922-ல் என்ன செய்தார் தெரியுமா? பக்குவமான முட்டைகள் 2000-ஐத் தாமே விழுங்கினார். தம் சளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதிலே ஏராளமான குஞ்சுப்புழுக்கள் இருந்தன. நுரையீரல் வழியாய்ப் போகிற பாதை அன்று ருசுவாயிற்று. ஒற்றைக்காலில் நின்று வரம் வாங்கியவர்களின் கதையை நமக்கு ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரங்களால் யாருக்கு என்ன நன்மை? ஊரார் குழந்தைகளின் நோய்க்கு வழி காண்பதற்காகத் தம் உடம்பில் நோயை ஏற்றுக்கொண்ட இந்த மனிதர் செய்ததைத் தவம் என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணையில்லை.

கருணை எங்கே?

இனி ஆஸ்திகத் தோழர்களை ஒன்று கேட்கிறேன். மயில் தோகையைக் காட்டி, தாமரைப் பூவைக் காட்டி, "இவ்வளவு அழகாய் அமைத்தவன் ஒருவன் இருக்க வேண்டாமா?" என்று கேட்கிறீர்களே, இந்தப் பூச்சியின் அமைப்பும் அதற்குக் குறைந்ததா? குழந்தையின் குடலைத் துளைத்து, ஈரலில் நுழைந்து, நுரையீரலைக் குடைந்து, தொண்டை வழியாய்த் திரும்ப வருவதற்கு இவ்வளவு நுட்பமாய்ப் பாதை போட்டவர் யார்? தோகைக்குக் கணக்கு வைத்தால் புழுவுக்கும் கணக்கு வைக்க வேண்டுமா, இல்லையா?

1963-ல் கொரியா தேசத்தில் ஜியோன்ஜு என்ற ஊரில், தாங்க முடியாத வயிற்றுவலியோடு 9 வயதுப் பெண்குழந்தை ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பால் கிரேன் என்ற டாக்டர் வயிற்றை அறுத்துப் பார்த்தார். குடலை அடைத்துக் கொண்டிருந்த நாக்குப்பூச்சிகள் 1063. எல்லாவற்றையும் எடுத்தும் குழந்தை பிழைக்கவில்லை. இது கருணையா? அந்தக் குழந்தை செய்த பாவமா? ஒன்றுமில்லை. கோடி முட்டையில் எங்கோ ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து வம்சம் வளர்க்கிற ஒரு ஜந்து, அவ்வளவுதான். அதற்கு நம்மேல் கோபமுமில்லை, தயவுமில்லை. ஆகையால் அதனிடம் வேண்டிக்கொள்ளவும் இடமில்லை. அதற்காக வேறொருவரிடம் வேண்டிக்கொள்வதிலும் பிரயோஜனமில்லை.

ராஜாவானாலும் இதே கதைதான். கடவுளின் பேரால் முடிசூட்டப்பட்ட இங்கிலாந்து ராஜா மூன்றாவது ரிச்சர்டு, 1485-ல் யுத்தத்தில் செத்தான். லெஸ்டர் என்ற ஊரில் 2012-ல் அவன் எலும்புகளைத் தோண்டியெடுத்தார்கள். இடுப்பெலும்பு இருந்த இடத்து மண்ணை 2013-ல் சோதித்துப் பார்த்ததில் நாக்குப்பூச்சியின் முட்டைகள் கிடைத்தன. ராஜ்யம் போயிற்று, கிரீடம் போயிற்று, சதை போயிற்று; ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் பூச்சி முட்டை மாத்திரம் சாட்சி சொல்ல மீந்திருந்தது.

தீட்டு எங்கே இருக்கிறது?

இப்பொழுது நான் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் இரண்டு சங்கதிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பூச்சி வயிற்றுக்குள் பெருகுவதில்லை. பத்துப் பூச்சி இருந்தால் பத்து முட்டையாவது மண்ணிலிருந்து வாய்க்குள் போயிருக்கின்றன. 1063 பூச்சி என்றால், யாரோ ஒருவருடைய மலத்திலிருந்து வந்த முட்டைகள் அத்தனைக்குக் குறையாமல் அந்தக் குழந்தையின் வாய்க்குள் போயிருக்கின்றன என்றே அர்த்தம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இதுதான். மற்றொன்று, ஒருவரை ஒருவர் தொடுவதால் இது ஒட்டுவதில்லை. பூச்சியுள்ளவனைக் கட்டித் தழுவினாலும் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. வாரக்கணக்கில் மண்ணில் கிடந்து பக்குவப்பட்ட முட்டை வாய்க்குள் போனால்தான் வரும்.

அப்படியானால் தீட்டு எங்கே இருக்கிறது? மனிதனிடத்திலா, மண்ணிலா?

நமது சாஸ்திரக்காரர்கள் சுத்தம் சுத்தமென்று ஓயாமல் பேசினார்கள். இவன் தொட்டால் தீட்டு, அவன் நிழல் பட்டால் தீட்டு, இந்தத் தெருவில் அவன் நடந்தால் தீட்டு, இந்தக் கிணற்றில் அவன் மொண்டால் தீட்டு என்று ஆயிரம் விதி எழுதி வைத்தார்கள். இவ்வளவு சுத்தம் பார்த்தவர்கள், "மலத்தை மண்ணில் திறந்து போடாதே" என்பதை ஊருக்கெல்லாம் ஒரு கட்டாயமாக ஆக்கினார்களா? கொல்லையில் போனால் தீட்டில்லை. ஏரிக்கரையில் போனால் தீட்டில்லை. மழை பெய்து அதெல்லாம் குளத்தில் கலந்து, அதையே தீர்த்தமென்று குடித்தால் புண்ணியம்! ஆனால் அந்த மலத்தை வாருவதற்கென்று ஒரு கூட்டத்தைப் பிறப்பினாலேயே ஒதுக்கி, தோட்டி என்று பெயர் வைத்து, சேரியில் தள்ளி, அவர்களைத் தொட்டால் தீட்டு என்றார்கள். அழுக்குப் பண்ணுகிறவன் உயர்ந்தவன், அழுக்கை எடுக்கிறவன் தாழ்ந்தவன் என்ற தர்மம் வேறெந்த அறிவுக்காவது பொருந்துமா?

இதனால் அந்த ஜனங்களுக்கு நடந்த கொடுமை ஒருபுறமிருக்கட்டும். உயர்ஜாதிக்காரன் என்கிறவனுக்காவது சுத்தம் கிடைத்ததா? அதுவுமில்லை. தீட்டை மனிதன் தலையில் ஏற்றிவிட்டபடியால், மண்ணிலிருக்கிற உண்மையான தீட்டைப் பற்றி யோசிக்கவே அவனுக்கு அவசியமில்லாமல் போயிற்று. மூன்று வேளை குளித்தான், மடித்துணி கட்டினான், பஞ்சகவ்யம் குடித்தான். அவன் பிள்ளை வயிற்றிலும் பூச்சி இருந்தது. முட்டைக்குப் பூணூலும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. வாய் இருந்தால் போதும்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அது போதாதென்று 2013-ல் மற்றொரு சட்டம் செய்தார்கள். அதன் பிறகும் சாக்கடைக் குழியில் மனிதனை இறக்கி, விஷவாயுவில் சாகவிடுகிற செய்தியைப் பத்திரிகையில் பார்க்கிறோம். டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இரு ஆராய்ச்சிக்காரர்கள் வட இந்தியக் கிராமங்களில் விசாரித்து 2017-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். சாதாரணக் குழிக் கக்கூசை ஜனங்கள் ஏன் வேண்டாமென்கிறார்கள் என்றால், குழி நிறைந்தால் அதை எடுப்பது தாழ்ந்த ஜாதி வேலை, அதை வீட்டோடு வைத்திருப்பது தீட்டு என்கிற எண்ணமே பெரிய காரணமென்று அதில் காட்டியிருக்கிறார்கள். ஆக, குழந்தை வயிற்றில் பூச்சி சேருவதற்கு ஜாதியும் ஒரு காரணமா, இல்லையா? ஜாதியை விட்டுவிட்டுப் பூச்சியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். விட முடிகிறதா பாருங்கள்!

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மருந்து. பிப்ரவரி 10-ந் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று 2015 முதல் சர்க்கார் நடத்தி வருகிறார்கள். 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இனாமாய்க் கொடுக்கிறார்கள். ஏதோ வதந்தியைக் கேட்டுப் பிள்ளையை அன்று வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். மந்திரித்த கயிற்றுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். பிள்ளைக்கு வேறு நோயிருந்தால் நர்சம்மாளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் மாத்திரையும் இன்னொரு மந்திரக் கயிறு ஆகிவிடக்கூடாது. மாத்திரை குடலிலிருக்கிற பூச்சியைக் கொல்லும். கொல்லைப்புறத்திலிருக்கிற முட்டையைக் கொல்லாது. மண்ணை மாற்றாவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் பழைய கதைதான்.

ஆகவே இரண்டாவது, கக்கூசு. இரண்டு குழி வெட்டுங்கள். ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு மற்றதை உபயோகியுங்கள். மூடின குழியை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிவிடும். அந்த எருவை எடுக்க எந்த ஜாதிக்காரனையும் கூப்பிடக்கூடாது. வீட்டுக்காரனே மண்வெட்டி எடுக்க வேண்டும். நம் இயக்கத் தோழர்கள் முதலில் தங்கள் வீட்டில் இதைச் செய்து காட்ட வேண்டும். மேடையில் ஜாதி ஒழிப்புப் பேசிவிட்டு, குழி எடுக்க மாத்திரம் சேரிக்கு ஆள் அனுப்புகிறவனை நான் சுயமரியாதைக்காரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தாய்மார்களுக்கும் சொல்லுகிறேன்: பொழுது சாய்கிற வரை வயிற்றை அடக்கிக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருப்பது பெண்களின் லட்சணமல்ல. பெண் கொடுக்கிறவர்கள் நகை எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கக்கூசு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, கை. மலம் கழித்த பிறகும், சாப்பிடுவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சோப்பு முட்டையைக் கொல்லாது; ஆனால் தேய்த்துக் கழுவினால் முட்டை தண்ணீரோடு போய்விடும். பிள்ளைகளின் நகத்தை வெட்டுங்கள். நகம் வெட்ட நல்ல நாள், கெட்ட நாள் பார்க்காதீர்கள். பூச்சி நாள் பார்ப்பதில்லை. பச்சையாய்த் தின்கிற காய்கறியை நன்றாய்க் கழுவுங்கள். மற்றதை வேகவைத்துத் தின்னுங்கள்; கொதிக்கிற சூட்டுக்கு முட்டை நிற்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அந்த 9 வயதுக் குழந்தை செத்த கொரியாவைப் பாருங்கள். அடுத்த வருஷமே, 1964-ல், பூச்சி ஒழிப்புக்கென்று சங்கம் ஏற்படுத்தினார்கள். 1966-ல் சட்டம் செய்தார்கள். 1969 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருடைய மலத்தையும் வருஷத்துக்கு இரண்டு தடவை சோதித்து, பூச்சி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். பச்சை மலத்தை வயலுக்கு எருவாய்ப் போடும் வழக்கமும் நின்றது. 1971-ல் தென் கொரியாவில் 100 பேரில் சுமார் 55 பேருக்கு நாக்குப்பூச்சி இருந்தது. 1997-ல் 10,000 பேரில் 6 பேருக்குத்தான் இருந்தது. எந்தக் கோயிலில் இதற்காகக் கும்பாபிஷேகம் செய்தார்கள்? ஒரு தலைமுறைக்குள் மனித முயற்சியால் நடந்த காரியம் இது. நம்மால் மாத்திரம் முடியாதென்று எந்த விதி எழுதியிருக்கிறது?

தோழர்களே! இந்தப் பூச்சியின் வட்டம் பெரியது போல் தெரிகிறது. ஆனால் அது வயிற்றிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து வாய்க்கும் போகிற ஒரே பாதை. இரண்டு இடத்திலும் வாசல் நம் கையில்தான் இருக்கிறது. ஒரு வாசலைக் கக்கூசினால் அடைக்கலாம். மற்றொன்றைக் கை கழுவுவதால் அடைக்கலாம். அடைத்துவிட்டால் இருக்கிற பூச்சி ஒன்றிரண்டு வருஷத்தில் தானே கிழமாகிச் செத்துப்போகும். மனிதனைத் தொடாதே என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் நம் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்லிக் கொடுப்போம்: எந்த மனிதனையும் தொடு, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு.